மூடிய மில்லின் ஜெனரேட்டர் அறைக்கு அடியில் டீசல் ஊறிய மண். என்ன செய்வது?

பல்லடத்துக்காரி:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பல்லடம் பக்கத்தில் என் மாமனார் ஒரு சின்ன ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூல் மில் நடத்தினார். 2016இல் மூடிவிட்டோம். மெஷினெல்லாம் விற்றாயிற்று. ஷெட்டும் ஒரு ஏக்கர் இருபது சென்ட் இடமும்தான் மிச்சம். 2012 வாக்கில் எங்கள் பக்கம் மின்வெட்டு எப்படி இருந்தது என்று இங்கே பலருக்கு நினைவிருக்கும். ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இருக்காது. நூல் ஆர்டரை விடக்கூடாது என்று ஜெனரேட்டர் ராப்பகலாக ஓடியது. அதற்காக ஜெனரேட்டர் அறையின் பின்னால் மண்ணுக்குள் 10,000 லிட்டர் டேங்க் ஒன்றைப் புதைத்திருந்தார்கள். மில்லை மூடியபோது அதை யாரும் நினைக்கவே இல்லை.

இப்போது ஷெட்டைக் குடோனாக வாடகைக்கு விட்டு, பக்கத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டலாம் என்று போன மாதம் ஜே.சி.பி. வரவழைத்தோம். அறையை இடித்து மூன்றடி தோண்டியதும் டிரைவர் தம்பி வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, "அக்கா, பெட்ரோல் பங்க்ல நிக்கற மாதிரி இருக்குதுங்க" என்றான். செம்மண் பூமி எங்களுடையது. ஆனால் அங்கே மட்டும் மண் சாம்பலும் கறுப்புமாக, கையில் எடுத்தால் பிசுபிசு என்று இருந்தது. எட்டடிக்குக் கீழே சுக்கான்கல் வரும்வரை அப்படியேதான். டேங்கின் அடியில் குழாய் சேரும் இடம் துருப்பிடித்து அப்பளம் மாதிரி பொடிகிறது.

மேஸ்திரி, "நாலு லோடு கிராவல் கொட்டி மூடிடலாம், ஒண்ணும் ஆகாது" என்கிறார். வீட்டுக்காரருக்கும் அதுதான் ஆசை. எனக்கு மனசு ஒப்பவில்லை. கிழக்கே ஏறக்குறைய 90 மீட்டரில் பக்கத்துத் தோட்டத்து அண்ணனின் கிணறு இருக்கிறது. போன ஐப்பசி மழைக்குப் பிறகு தண்ணீரில் ஒரு வாடை வருகிறது என்று அவர் இரண்டு மூன்று தடவை சொன்னார். அப்போது நாங்கள் கண்டுகொள்ளவில்லை.

யாராவது இந்த மாதிரி மண்ணைச் சுத்தம் செய்திருக்கிறீர்களா? எங்கே தொடங்குவது? பெரிய கம்பெனி எல்லாம் கூப்பிடும் அளவுக்கு எங்களிடம் வசதி இல்லை.


மனை_விற்பவன்:

சிஸ்டர், ரொம்ப யோசிக்காதீங்க. எத்தனை பழைய மில், எத்தனை பழைய பங்க் மனையாகி வித்திருக்குது தெரியுமா? மேல் மண்ணை வழிச்சு வேற எங்காவது கொட்டிட்டு கிராவல் போட்டு ரோலர் ஓட்டுங்க. வாடை ரெண்டு மாசத்துல போயிடும். லேப், கீப்புன்னு போனா நீங்களே உங்க இடத்து விலையைக் குறைச்சுக்கறீங்க.


மண்ணாங்கட்டி:

மேலே சொன்னதில் ஒரு வார்த்தைகூடக் கேட்காதீர்கள். "வேற எங்காவது" என்பது யாருடைய நிலம்? எண்ணெய் ஊறிய மண் அபாயக் கழிவு விதிகளுக்குள் வருகிற சரக்கு. ஏரிக்கரையில் கொட்டிவிட்டு மாட்டிக்கொண்டால் விலை குறைவது இடத்துக்கு மட்டும் இருக்காது.

என்னைப் பற்றி ஒரு வரி. மாசுபட்ட மண்ணோடு 26 வருடம் மல்லுக்கட்டியவன், அதில் ஆறு வருடம் குவைத்தில். இந்தப் பெயரை என் சம்சாரம்தான் வைத்தாள்.

அம்மணி, முதலில் உயிர் விஷயம். அந்த டேங்குக்குள் யாரும் இறங்கக் கூடாது. பத்து வருடம் சும்மா கிடந்த டேங்கில் மூச்சுக்குக் காற்று இருக்காது, விஷ வாயுவும் தேங்கியிருக்கலாம். இரும்பு விலைக்கு எடுக்க வருபவர் "இங்கயே கேஸ் கட்டர் போட்டு ரெண்டா அறுத்துக்கறேன்" என்பார். விடவே விடாதீர்கள். டீசல்தானே, பெட்ரோல் மாதிரி பிடிக்காது என்று நினைத்து அறுத்து வெடித்த டேங்குகள் உண்டு. சூடு பட்டதும் அடிக்கசடு ஆவியாகும், கட்டரின் தீப்பொறி அங்கேயே காத்திருக்கும். மிச்ச எண்ணெயையும் கசட்டையும் மாசு கட்டுப்பாட்டு வாரிய அனுமதி உள்ள மறுசுழற்சிக்காரரிடம் கொடுத்து, உள்ளே வாயு இல்லை என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் டேங்கைத் தொட வேண்டும்.

இரண்டாவது, குழிக்குள் மழைத்தண்ணீர் இறங்காமல் தார்ப்பாய் போட்டு, சுற்றிலும் ஓரடி வரப்பு எடுத்துவிடுங்கள். மழை இறங்க இறங்க டீசலும் கிணற்றுப் பக்கம் நடக்கும். ஏற்கெனவே தண்ணீர் தேங்கி மேலே வானவில் மாதிரி படலம் மிதந்தால் மோட்டார் போட்டு ஓடையில் விடாதீர்கள். ஷெட் மூலையில் கழிவுப் பஞ்சு கிடக்குமே, அதைப் போடுங்கள். கச்சாப் பஞ்சில் இயற்கையாக மெழுகு இருக்கிறது, தண்ணீரை விட்டுவிட்டு எண்ணெயைக் குடிக்கும். குடித்த பஞ்சைத் தனி பேரலில் மூடி வையுங்கள்.

மூன்றாவது, பக்கத்துத் தோட்டத்து அண்ணனிடம் இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள், போனில் வேண்டாம். ரிப்போர்ட் வரும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்க, சமைக்க வேண்டாம் என்று சொல்லி, கேன் தண்ணீருக்கு நீங்களே ஏற்பாடு செய்யுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும்.

அப்புறம் பரிசோதனை. மூக்கை நம்ப வேண்டாம். பழைய டீசலில் லேசான பகுதி ஆவியாகிப் போயிருக்கும், வாடை குறைவாக இருந்தும் எண்ணெய் நிறைய இருக்கும். குழியின் நான்கு சுவரிலும் அடியிலும் டேங்குக்கு நேர் கீழேயும் மாதிரி எடுங்கள். பாலித்தீன் பையில் எடுத்தால் வீண், பிளாஸ்டிக் எண்ணெயை உறிஞ்சும். கண்ணாடி ஜாடியில் விளிம்புவரை மண்ணை அமுக்கி, மூடிக்குக் கீழே அலுமினியத் தாள் வைத்து, ஐஸ் பெட்டியில் அன்றைக்கே லேபுக்குப் போக வேண்டும். என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உள்ள லேபில் "மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன், வாயு நிறப்பிரிகை முறையில்" என்று எழுதிக் கேளுங்கள், மண்ணில் மொத்தம் எவ்வளவு எண்ணெய் என்று அது சொல்லும். கூடவே எரிபொருளில் இருக்கும் நச்சுகளான பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன் நான்கும். ஜெனரேட்டரில் மாற்றிய பழைய எஞ்சின் ஆயிலை அங்கேயே ஊற்றியிருந்தால் ஈயமும் துத்தநாகமும் சேர்த்துப் பாருங்கள். டீசலைக் கிருமிகள் தின்னும், உலோகத்தைத் தின்னாது. வேலை முறையே மாறிவிடும் என்பதால் இதை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

ரிப்போர்ட் வந்ததும் எண்களை அப்படியே இங்கே போடுங்கள்.


சுண்ணக்கல்:

நான் யாழ்ப்பாணம், வலிகாமம் பக்கம். மண்ணைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, கிணற்றைப் பற்றிச் சொல்லலாம்.

சுன்னாகம் மின்நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்த கதையை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2014, 2015இல் அது பெரிய பிரச்சினையாக வெடித்தது. எங்கட குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது, நிலத்துக்குக் கீழே இருக்கிற சுண்ணக்கல்லில் தேங்குகிற மழைத்தண்ணீர்தான் எல்லாத்துக்கும். அந்தக் கல்லில் வெடிப்பும் பொந்தும் நிறைய, ஒரு இடத்தில் விழுந்தது எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல ஏலாது. ஒரு வீட்டுக் கிணற்றில் மணக்கும், அடுத்த வீட்டில் ஒன்றும் இராது, அதற்கடுத்த வீட்டில் மறுபடி மணக்கும். பவுசரில் (தண்ணீர் லாரியில்) தண்ணீர் வரும் நேரம் பார்த்து வாளியோடு நின்றது இப்பவும் கண்ணுக்குள் நிற்கிறது. ஒரு அறிக்கை எண்ணெய் இருக்கிறது என்றது, இன்னொன்று இல்லை என்றது. சனம் எதை நம்புவது? வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2019இல்தான் தீர்ப்பு வந்தது, 2 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு கட்டச் சொல்லி.

அக்கா, இரண்டு விஷயம். ஒன்று, அந்த அண்ணரின் கிணற்றை "நல்லா இறைத்து விட்டால் சுத்தமாகும்" என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள். எங்கட பக்கமும் அப்படிச் சொன்னவை. இறைக்க இறைக்க நீர்மட்டம் இறங்கும், சுற்றியிருக்கிற எண்ணெய் கிணற்றை நோக்கி வரும். இரண்டு, கிணற்றுக்கு ஒருமுறை பரிசோதித்து "சரி" என்று விட்டுவிடாதீர்கள். மழைக்கு முன் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று வேண்டும்.


மண்ணாங்கட்டி:

சுண்ணக்கல் தம்பி சொன்னது அச்சு அசலான உண்மை. டீசல் தண்ணீரைவிட லேசு, நிலத்தடி நீரின் மேலே மிதக்கும். நீர்மட்டம் ஏறி இறங்கும்போது கூடவே ஏறி இறங்கி, அந்த உயரம் முழுக்க மண்ணில் பூசிக்கொண்டே போகும். பல்லடத்தில் அடியில் இருப்பது சுண்ணக்கல் இல்லை, கடினப் பாறையும் அதன் மேல் உளுத்த பாறையும். ஆனால் விரிசலில் ஓடும் தண்ணீருக்கு அங்கேயும் நேர்கோடு தெரியாது. 2013இல் தண்டையார்பேட்டையில் நிலத்தடி எண்ணெய்க் குழாய் கசிந்து வீட்டுக் கிணறுகளில் டீசல் வந்ததே, அதை மக்களின் மூக்குதான் முதலில் கண்டுபிடித்தது. மூக்கை நம்பாதே என்று மேலே நான் சொன்னது மண்ணுக்கு. தண்ணீரில் வாடை வந்தால் நம்புங்கள்.


நுண்ணுயிர்_நண்பன்:

எங்களிடம் எண்ணெய் தின்னும் பாக்டீரியா திரவம் இருக்கிறது. லிட்டருக்கு 100 லிட்டர் தண்ணீர் கலந்து தெளித்தால் 21 நாளில் மண் முழுச் சுத்தம். உள்பெட்டியில் எண் அனுப்புங்கள்.


பல்லடத்துக்காரி:

எல்லோருக்கும் நன்றி. முதலில் அண்ணனைப் பார்த்தேன். திட்டுவார் என்று பயந்துகொண்டே போனேன். கயிற்றுக் கட்டிலில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். "நீங்க வந்து சொன்னதே போதும். நான் எம்பட மோட்டார்லதான் ஆயில் ஒழுகுதுன்னு ரெண்டு தடவை மோட்டாரக் கழட்டிப் பார்த்தேன்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ரிப்போர்ட் வந்துவிட்டது. ஒரு கிலோ மண்ணில் எத்தனை மில்லிகிராம் எண்ணெய் என்ற கணக்கில்: டேங்குக்கு நேர் கீழே 14,200. மேற்குச் சுவர் 11,300. தெற்கு 8,900. கிழக்கு 6,500. அடியில் சுக்கான்கல்லுக்குச் சற்று மேலே 4,100. வடக்கு வெறும் 60. பென்சீன் மிகக் குறைவு. எஞ்சின் ஆயிலைத் தனியாகப் பேரலில் பிடித்து விற்றுவிடுவோம் என்று பழைய ஃபிட்டர் உறுதியாகச் சொன்னார், உலோகமும் சாதாரண அளவுதான். கிணற்றில் பென்சீன் கண்டறியும் அளவுக்குக் கீழே, டீசல் வகை எண்ணெய் லேசாக இருக்கிறது. கெட்ட மண் இருக்கும் குழி சுமார் 8 மீட்டருக்கு 6 மீட்டர், ஆழம் இரண்டரை மீட்டர்.

நுண்ணுயிர் நண்பர் சொல்வது போல 21 நாளில் முடியுமா? விலை அதிகம்தான், ஆனால் சீக்கிரம் முடியுமென்றால் பரவாயில்லை.


மண்ணாங்கட்டி:

வடக்குச் சுவரைக் குழியிலிருந்து கழித்துவிடுங்கள், அது நல்ல மண். மற்ற ஐந்தையும் கூட்டி வகுத்தால் சராசரி 9,000. குழி 120 கன மீட்டர், எடையில் ஏறக்குறைய 200 டன். 200 டன் மண்ணில் கிலோவுக்கு 9,000 மில்லிகிராம் என்றால் 1,800 கிலோ எண்ணெய். லிட்டரில் 2,100க்கு மேல். பத்துப் பேரல் டீசல் இன்னும் உங்கள் மண்ணுக்குள் நிற்கிறது. இதைத்தான் நாலு லோடு கிராவலால் மூடப் பார்த்தார் உங்கள் மேஸ்திரி.

ஒப்பிட ஒரு எண் தருகிறேன். நெதர்லாந்தில் மண்ணில் கனிம எண்ணெய் கிலோவுக்கு 5,000 மில்லிகிராமைத் தாண்டினால் நடவடிக்கை எடுத்தாக வேண்டிய அளவு என்று வைத்திருக்கிறார்கள். உங்களுடையது அதற்கு மேலே. அதே சமயம் 50,000க்கு மேல் போனால்தான் கிருமிகளே திணறும். ஆக, பயப்படவும் வேண்டாம், மெத்தனமும் வேண்டாம்.

பாட்டில் பாக்டீரியா விஷயம். 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் தரைதட்டி ஏறக்குறைய 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கொட்டியது. அந்தக் கரைகளில் பெரிய அளவில் தெளித்தது உரம்தான். எண்ணெய் தின்னும் கிருமிகள் அங்கேயே இருந்தன, தழைச்சத்துக்கும் (நைட்ரஜன்) மணிச்சத்துக்கும்தான் (பாஸ்பரஸ்) தவித்தன. உங்கள் மண்ணிலும் அதே கதை. பத்து வருடமாக டீசலோடு குடித்தனம் நடத்துகிற கிருமிகள் அங்கே ஏற்கெனவே உண்டு. வெளியிலிருந்து கொண்டுவந்த கிருமி எதற்குமே உதவாது என்று சொல்ல மாட்டேன். டில்லியின் டெரி ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ஆயில்சாப்பர் என்ற கிருமிக் கலவை போன்றவை எண்ணெய் வயல்களின் கெட்டியான கசட்டுக்குப் பயன்பட்டிருக்கின்றன. உங்கள் சரக்கு அது இல்லை. 21 நாள் என்பது விளம்பரம். நல்லபடி செய்தால் ஆறிலிருந்து பத்து மாதம்.

கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவு மையத்துக்கு அனுப்பலாம். ஆனால் 500 கிலோமீட்டர், பத்து லோடு. மண்ணும் போச்சு, பணமும் போச்சு. உங்களிடம் 120 சென்ட் இடம் இருக்கிறது, அதுதான் பெரிய சொத்து. மண்ணை வெளியே எடுத்துப் பரப்பி, உழுது, உரம் போட்டு, ஈரம் காட்டிக் கிருமிக்குத் தீனியாக்குவதுதான் உங்களுக்குச் சரியான வழி. விவசாயம் தெரிந்த குடும்பத்துக்குப் புரியாத வேலை இல்லை.

இதை ரகசியமாகச் செய்ய வேண்டாம். மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டப் பொறியாளருக்கு ரிப்போர்ட்டோடு கடிதம் கொடுத்து, எந்த அளவுக்குக் குறைக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2025 ஜூலையில் மாசடைந்த இடங்களுக்கென்றே மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது. செலவை மாசுக்குப் பொறுப்பானவர் ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். நாளை இடத்தை விற்கப் போனால் உங்கள் கையில் காகிதம் இருக்க வேண்டும்.

இனி வேலை. கிணற்றுக்கு எதிர்ப்பக்கம், மேட்டில், எட்டு ஒன்பது சென்ட் ஒதுக்குங்கள். பண்ணைக்குட்டைக்குப் போடும் 500 மைக்ரான் ஷீட் விரித்து, அதன் மேல் அரையடி கிரஷர் பவுடர் போடுங்கள், இல்லாவிட்டால் முதல் உழவிலேயே கலப்பை ஷீட்டைக் கிழித்துவிடும். சுற்றிலும் வரப்பு. ஒரு மூலையில் சின்னக் குழி, வடியும் தண்ணீர் அங்கே சேர வேண்டும், அதையே திரும்ப மண் மேல் தெளிக்கலாம். மண்ணை ஒன்றரை அடி உயரத்துக்கு மேல் போடாதீர்கள். நாமக்கல் பக்கம் ஒரு லாரி யார்டில் இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று நான் எட்டடிக் குவியலாகப் போட்டுவிட்டேன், உள்ளே காற்றுக் குழாயும் வைக்கவில்லை. நாலு மாதம் கழித்துப் பிரித்தால் உள்ளே கருகருவென்று அழுகிய முட்டை நாற்றம். எண்ணெய் அப்படியே இருந்தது. காற்று இல்லாமல் கிருமி என்ன செய்யும்? ஒரு கிலோ டீசலைத் தின்ன மூன்றரைக் கிலோ ஆக்சிஜன் வேண்டும். உங்கள் 1,800 கிலோவுக்கு 6 டன்னுக்கு மேல். அத்தனையும் உழவால்தான் உள்ளே போக வேண்டும்.

உரக்கணக்கு. புத்தகத்தில் எண்ணெயில் உள்ள கரி (கார்பன்) 100க்குத் தழைச்சத்து 10, மணிச்சத்து 1 என்று இருக்கும். அப்படியே போட்டால் ஏழு மூட்டை யூரியா வரும், அவ்வளவும் போட்டால் அம்மோனியாவில் கிருமி செத்துப்போகும். நான் தழைச்சத்தைப் பாதியாக்கிவிடுவேன். ஒன்றரை மூட்டை டி.ஏ.பி., மூன்று மூட்டை யூரியா போதும். அதையும் நான்காகப் பிரித்து மாதம் ஒரு தடவை கரைத்துத் தெளியுங்கள். கட்டி பிடிக்கிற மண் என்றால் கடலைத்தோல் கலக்கலாம், காற்றோட்டம் வரும். பச்சைத் தென்னை நார்க்கழிவு வேண்டாம், அது தழைச்சத்தைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு எச்சரிக்கை: எவ்வளவு கலந்தீர்கள் என்று எழுதி வையுங்கள். பாதிக்குப் பாதி நல்ல மண்ணைக் கலந்தால் எண் பாதியாகிவிடும், டீசல் ஒரு சொட்டும் குறைந்திருக்காது. இந்த ஏமாற்று வேலையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஈரம் கொழுக்கட்டை பிடிக்கிற பதம். பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் வரக் கூடாது. குவைத்தில் எங்களுக்கு வெயிலுக்குப் பஞ்சமில்லை, தண்ணீர்தான் இல்லை. 1991 போரில் 600க்கு மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளைக் கொளுத்தியதில் படிந்த எண்ணெயும் புகைக்கரியும் மணலோடு சேர்ந்து தார் ரோடு மாதிரி இறுகிக் கிடந்தது. கடப்பாரை போட்டால் பாளம் பாளமாக வரும். அதைப் பார்த்த கண்ணுக்கு உங்கள் செம்மண் மெத்தை.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை உழவு. ரொட்டவேட்டர் மேல் அரையடியைத்தான் தொடும், அதனால் ஐந்து கொத்துக் கலப்பையை முதலில் விட்டு, பிறகு ரொட்டவேட்டர். டிராக்டர்காரரிடம் புகைபிடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மழை வந்தால் தார்ப்பாய். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாதிரி.


பல்லடத்துக்காரி:

ஐயா, நீங்கள் கணக்குப் போட்டுக் காட்டிய பத்துப் பேரலை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் மேஸ்திரிக்குப் போன் போட்டு கிராவலை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

குழியை என்ன செய்வது? அடியில் 4,100 இருக்கிறதே, அதற்குக் கீழே கல், தோண்ட முடியாது.


மண்ணாங்கட்டி:

தோண்டுகிற அளவுக்குத் தோண்டிவிட்டு, அடியில் மறுபடி மாதிரி எடுங்கள். கல் இடுக்கில் நிற்பதை ஜே.சி.பி.யால் எடுக்க முடியாது. துளையிட்ட இரண்டு அங்குல பி.வி.சி. குழாய் நாலைந்தை அடியில் பதித்து, மேலே நல்ல மண்ணை நிரப்பி, ஒரு சின்ன ப்ளோயரை வைத்து மெதுவாகக் காற்று விடுங்கள். பலமாக விட்டால் வாடை மேலே வருமே தவிர, கிருமிக்குப் பிரயோஜனமில்லை. வீட்டை அந்த இடத்தில் கட்டாமல் இருபது மீட்டர் தள்ளிக் கட்டுங்கள். மேலே வாகனம் நிறுத்தும் இடமாக விட்டுக்கொள்ளலாம்.


பல்லடத்துக்காரி:

ஒன்பது மாதம் கழித்து வருகிறேன். இங்கே கேட்டவர்களுக்கு முடிவைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

மண்ணை ஐந்து பாத்தியாகப் போட்டோம். முதல் இரண்டு மாதத்தில் 9,000 சராசரி 5,200 ஆனது. வீட்டுக்காரர் அந்தக் காகிதத்தை சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தார். நாலாம் மாதம் 2,700. அதற்குப் பிறகு ஆமை வேகம். நடுவில் என் தவறு ஒன்று: இரண்டாம் தவணை யூரியாவைக் கரைக்காமல் கையால் வீசிவிட்டேன். ஒரு வாரம் கண்ணெரியும் வாடை, அந்த மாதம் எண் இறங்கவே இல்லை. ஐயாவிடம் தனியாகக் கேட்டதற்கு, "பாப்பாவுக்கு ஒரே வேளையில் நாலு வேளைச் சோறு ஊட்டினாப்பல" என்றார். கார்த்திகையில் ஒரு ராத்திரி காற்றடித்துத் தார்ப்பாய் பறந்துபோய், நானும் மகளும் டார்ச் லைட்டோடு கல் வைத்து அமுக்கினோம். மூலைக்குழி நிரம்பி வழிய இன்னும் ஒரு சாண்தான் இருந்தது.

இப்போது நாலு பாத்தி 600க்கும் 950க்கும் நடுவில் இருக்கிறது. வாரியம் எழுதிக் கொடுத்த அளவுக்குள் வந்துவிட்டது. ஐந்தாவது மட்டும் 1,900இல் முரண்டு பிடிக்கிறது. அதில் மேற்குச் சுவரின் களிக்கட்டிகள் அதிகம். மகள் பள்ளி பிராஜெக்டுக்கு ஒரு தட்டில் எங்கள் நல்ல மண்ணும் இன்னொன்றில் மூன்றாம் பாத்தி மண்ணும் மூன்றாவதில் ஐந்தாம் பாத்தி மண்ணும் வைத்து இருபது இருபது சோள விதை போட்டாள். நல்ல மண்ணில் 19 முளைத்தது, மூன்றாம் பாத்தி மண்ணில் 17. ஐந்தாம் பாத்தியில் 9.

கிணற்றை மழைக்கு முன்னும் பின்னும் பார்த்தோம். மழைக்கு முன் ஒன்றுமில்லை. பின்னால் எடுத்ததில் மறுபடி லேசாகக் காட்டுகிறது. முதல் ரிப்போர்ட்டைவிடக் குறைவு. அண்ணனுக்கு இன்னும் கேன் தண்ணீர்தான் போகிறது, மாட்டுக்கும் எங்கள் போர் தண்ணீரை டியூப் போட்டு விடுகிறோம். ப்ளோயர் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஐயா, அந்த ஐந்தாம் பாத்தியை என்ன செய்யலாம்? கட்டியை உடைக்க டிராக்டர்காரர் மறுபடி வர மாட்டேன் என்கிறார், கலப்பைக் கொத்து வளைந்துவிட்டதாம்.


மண்ணாங்கட்டி:

டிராக்டர் வேண்டாம். நன்றாகக் காயவிட்டு, ஆள் வைத்துக் கொட்டாப்புளியால் தட்டிப் பொடியாக்குங்கள். பிறகு பாதி உயரத்துக்குப் பரப்பி மறுபடி ஈரம் காட்டி, கடைசித் தவணையில் மிச்சமிருந்தால் கால் மூட்டை யூரியா, இந்தத் தடவை கரைத்து. சித்திரை வெயில் வீணாகப் போகிறது, சீக்கிரம் தொடங்குங்கள். ஆவணியில் ஒரு மாதிரி எடுத்துவிட்டு எண்ணைப் போடுங்கள்.

கிணற்றை விட்டுவிட வேண்டாம். இன்னும் இரண்டு ஐப்பசி பார்க்க வேண்டும்.